வைகறையும் பள்ளி மணியும்

“பிள்ளை காலையில் எழுவதே இல்லை, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்று பெற்றோர் வந்து முறையிடுவது தமிழாசிரியர்க்குப் புதிதன்று. நாமும் உடனே ஆத்திசூடியை நினைவூட்டி, வைகறையில் துயில் நீங்குமாறு ஔவையார் பணித்திருப்பதை எடுத்துக்காட்டி அனுப்பிவிடுகிறோம். அறிவுரையில் பிழையில்லை. ஆயின், வைகறை என்பது இந்நாட்டில் எத்தனை மணி என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

முன்னோர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். ஒவ்வொன்றும் பத்து நாழிகை; நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடமாதலின் நான்கு மணி நேரம். ஞாயிறு தோன்றுவதற்கு முற்பட்ட பத்து நாழிகையே வைகறை. இலக்கண நூல்களுக்கு உரை சொல்வோர் அதனை இரவு 2 மணி முதல் 6 மணி வரை என்பது, ஆறு மணியளவில் ஞாயிறு எழும் நாட்டுக் கணக்கு. சென்னைக்கு அஃது ஏறக்குறையப் பொருந்தும். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பொருந்தாது.

காரணம் நம் கடிகாரத்தில் இருக்கிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் இன்று கைக்கொள்ளும் நேரம், கிழக்குத் தீர்க்கரேகை 120 பாகைக்கு உரியது. சிங்கப்பூர் ஏறத்தாழ 104 பாகையிலும், கோலாலம்பூர் 102 பாகைக்குச் சற்றுக் குறைவாகவும் உள்ளன. பாகை ஒன்றுக்கு 4 நிமிடம் என்று பெருக்கிப் பார்த்தால், சிங்கப்பூர்க் கடிகாரம் ஞாயிற்றைவிட ஒரு மணி நேரத்துக்கும் சற்று மிகுதியாகவும், கோலாலம்பூர்க் கடிகாரம் ஏறத்தாழ 73 நிமிடமும் முந்தி நிற்பது தெரியும். எப்போதும் இவ்வாறு இருந்ததில்லை. சப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவைத்த கடிகாரங்கள் 1945-இல் பழைய நிலைக்கு மீண்டன. பின்னர், சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு தீபகற்பத்தை ஒன்றாக்கும் பொருட்டு, 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணியை 12 மணி எனக் கொண்டு அரை மணி நேரம் முன்னே தள்ளினர். சிங்கப்பூரும் உடன் மாற்றிக்கொண்டது. கடிகாரம் மாறியது; ஞாயிறு மாறவில்லை. பிப்ரவரி முற்பகுதியில் கோலாலம்பூரில் கதிரவன் தலைகாட்டுவது 7.25 மணிக்கும் பின்னரே.

இதனைக் கொண்டு நம் பிள்ளையின் காலையை அளந்து பாருங்கள். வேன் வந்துவிடும் என்று கோலாலம்பூரில் 5.15 மணிக்கு எழுப்பப்படும் பிள்ளை, ஞாயிற்றுக் கணக்கில் விடிகாலை நான்கு மணிக்கு எழுப்பப்படுகிறது. ஔவையார் சொன்ன வைகறையில், அதுவும் அதன் நடுவிலேயே அது எழுந்தாயிற்று! அதனைச் சோம்பேறி என்பது முறையாகுமா?

உடலுக்குள்ளும் ஒரு கடிகாரம் உண்டு. மூளையின் அடிப்பகுதியில் உள்ள அது, கண்வழி புகும் ஒளியைக் கொண்டு தன்னைத் திருத்திக்கொள்கிறது. இருள் சூழ்ந்ததும் மெலடோனின் என்னும் நீர் சுரந்து துயிலுக்கு வழிவிடுகிறது. இரவில் கைப்பேசி ஒளியில் நெடுநேரம் இருப்பவர்க்கு அச்சுரப்புப் பிந்துகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதை எட்டியவர்க்கோ உட்கடிகாரமே இயல்பாகப் பின்தங்கிவிடும். அவர்கள் இரவில் விழித்திருப்பது முழுதும் பிடிவாதமன்று.

சிங்கப்பூரில் நன்யாங் பெண்கள் உயர்நிலைப்பள்ளி 2016-இல் தன் தொடக்க நேரத்தை 7.30-இலிருந்து 8.15-க்கு மாற்றியது. ஆராய்ந்தவர்கள், மாணவியர் படுக்கையில் இருக்கும் நேரம் முதல் மாதத்தில் 23 நிமிடமும், ஒன்பது மாதம் கழிந்தபின் துயில் 10 நிமிடமும் கூடியிருந்ததைக் கண்டனர். பள்ளி 45 நிமிடம் தந்தும் துயிலுக்குப் போய்ச் சேர்ந்தது அவ்வளவே. ஆகவே, காலையைச் சீர்செய்ய மாலையில்தான் தொடங்கவேண்டும்.

தோட்டத்தில் வளர்ந்தோர் இதனை அறிவர். பால்மரம் குளிர்ந்த பொழுதில் மிகுதியாகப் பால் தருமாதலின், பெரட்டு மணி இருட்டிலேயே அடிக்கும், லயமே விழித்துக்கொள்ளும், பிள்ளைகளும் எழுந்துவிடுவர். ஆனால் இரவு எட்டு மணிக்கெல்லாம் அந்த லயம் அடங்கியிருக்கும் என்பதைப் பெருமை பேசும்போது மறந்துவிடுகிறோம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரமாவது துயில் வேண்டும் என்பர் மருத்துவர். 5.30-க்கு எழவேண்டுமாயின் 8.30-க்கு உறங்கியிருக்கவேண்டும். டியூசன் முடிந்து ஒன்பது மணிக்குச் சோறுண்ணும் வீட்டில் இஃது எங்ஙனம் கூடும்? பெற்றோர் துணிந்து முடிவு செய்யவேண்டிய இடம் இதுவே. ஒரு டியூசனை விட்டாலும் குற்றமில்லை என்பது என் கருத்து.

படுக்கும் நேரத்தை ஒரே நாளில் மாற்ற முயலவேண்டாம். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை கால்மணி நேரமாக முன்தள்ளினால் உடல் இசையும். சீருடையும் புத்தகப் பையும் இரவே ஆயத்தமாகட்டும். காலையில் வெளியே இருள்தானே; சன்னலைத் திறந்து பயனில்லை. முதலில் அறை விளக்கை ஏற்றி, இரண்டு நிமிடம் கழித்துப் பெயர் சொல்லி அழைத்துக் காலைத் தொட்டு எழுப்புங்கள். முகத்தில் நீர் தெளிப்பதும், அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதும் வேண்டா. எழுந்ததும் செய்வதற்கு அதற்கென்றே ஒரு சிறுவேலை இருப்பது நல்லது: சாமி விளக்குக்கு எண்ணெய் விடுவதோ, பூஞ்செடிக்கு நீர் ஊற்றுவதோ எதுவாயினும் சரி. விடுமுறை நாளிலும் வழக்கத்தினும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உறங்கவிட்டால் திங்கட்கிழமை மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை தானே எழுந்துவிடும் பிள்ளை பள்ளி நாளில் மட்டும் போர்வைக்குள் சுருள்கிறது என்றால், காரணம் துயிலாக இராது. வகுப்பறையில் எதனையோ அது அஞ்சுகிறது. ஆசிரியர் அதனைத் தனியே அழைத்துப் பேசிப் பார்க்கவேண்டும். நேரத்தோடு படுத்து, போதிய அளவு உறங்கியும், குறட்டை விட்டு, வாயால் மூச்சுவாங்கி, பகலில் தலைசாய்க்கும் பிள்ளையும் உண்டு. தொண்டைச் சதை வளர்ச்சியால் இரவில் மூச்சு தடைப்படுவதன் அறிகுறியாக அஃது இருக்கக்கூடும். அப்பிள்ளையின் பெற்றோரிடம் ஆத்திசூடி கூறாமல், மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.