சார்... ஒரு சின்ன விஷயம்!

மாலை ஆறேகால். செங்கல்பட்டு ரயில் மறைமலை நகரில் இறக்கிவிட்டுப் போன கூட்டத்தில் பாதி வீட்டுக்கும், மீதி டீக்கடைக்கும் பிரிகிறது. டீக்கடைப் பக்கம் ஒதுங்கினால் மூன்று வகை ஆசாமிகளைப் பார்க்கலாம். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி யூனிஃபார்மில் வருகிறவர்கள். ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். மூன்றாவது ரகம், முதுகில் பையும் கழுத்தில் ஐ.டி. கார்டுமாக நிற்கிற எம்.சி.ஏ. மாணவர்கள். முதல் இரண்டு ரகமும் பேசாமல் டீ குடிக்கும். மூன்றாவது ரகம் டீயை ஆறவிட்டுப் பேசும்.

"மாப்ளே, லேப்ல இன்னிக்கும் அதே கதைதான்டா. அறுபது பேருக்கு முப்பது சிஸ்டம். அதுல ஏழு பூட்டே ஆகல."

"ஜாவா எடுத்த மேடம் போய் மூணு வாரமாச்சு. இன்னும் ஆள் போடல."

"காலேஜ்ல போய்க் கேட்க வேண்டியதுதானே?" - இது நான். வாய் சும்மா இருக்காது.

நாலு பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... புது மாப்பிள்ளையிடம், "மாமியார் வெச்ச சாம்பார்ல உப்பு கம்மின்னு சொல்லுங்க" என்றால் எப்படிப் பார்ப்பார், அப்படி!

"யார்கிட்ட சார் கேட்கிறது? இன்டர்னல் மார்க் யார் கையில இருக்குன்னு தெரியுமில்ல?"

தெரியும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி, இணைப்புக் கல்லூரிகளில் தியரி பேப்பருக்கு 40 மார்க் உள்ளே, 60 மார்க் வெளியே. லேபுக்கு அது தலைகீழ். உள்ளேயே 60. 'கேள்வி கேட்டவன்' என்று பெயர் வாங்கிவிட்டால் அந்த மார்க் என்ன ஆகுமோ என்கிற பயம். பெரும்பாலான ஆசிரியர்கள் அப்படிப் பழிவாங்குகிறவர்கள் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் பயத்துக்கு எதற்கு ஆதாரம்? யாரோ ஒரு சீனியர், எப்போதோ ஒரு தரம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை ஒன்று போதும். பத்து பேட்ச் வாயை மூடிக்கொண்டே பாஸாகி விடும்.

'போகட்டும், அடுத்த செமஸ்டரில் சரியாகிவிடும்' என்று இருக்கவும் இப்போது வழியில்லை. இதைப் படிக்கிற உங்களில் பல பேர் எம்.சி.ஏ. படித்துவிட்டு ஆபீஸில் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் காலத்தில் அது மூன்று வருஷம், ஆறு செமஸ்டர். ஒரு செமஸ்டர் கோட்டைவிட்டாலும் சமாளிக்க நேரம் இருந்தது. 2020-21 கல்வியாண்டிலிருந்து ஏ.ஐ.சி.டி.இ. அதை இரண்டு வருஷமாக்கி விட்டது. கடைசி செமஸ்டர் பெரும்பாலும் ப்ராஜெக்டுக்கே போய்விடும். அதற்கு முந்தைய செமஸ்டரில் கேம்பஸ் இன்டர்வியூ பரபரப்பு. ஆக, உட்கார்ந்து படிக்கக் கிடைப்பது என்னவோ இரண்டு, இரண்டரை செமஸ்டர். அதில் மூன்று வாரம் ஜாவாவுக்கு ஆள் இல்லை என்றால் அது சின்ன விஷயமா?

இன்னொரு வேடிக்கை. பி.சி.ஏ. படித்தவரும் எம்.சி.ஏ.வில் சேரலாம், ப்ளஸ் டூவிலோ டிகிரியிலோ கணக்கு படித்த பி.காம். பட்டதாரியும் சேரலாம். இரண்டாமவருக்குப் 'பிரிட்ஜ் கோர்ஸ்' என்று கூடுதல் வகுப்பு உண்டு. அந்த நாலு பேரில் ஒருவர் பி.காம். "பிரிட்ஜ் இருக்கு சார். ஆனா இந்தக் கரையிலேர்ந்து பாதி தூரம்தான் கட்டியிருக்காங்க" என்றார். சிரித்துவிட்டு, ஆறின டீயைக் குடித்தார். அவருடைய அப்பா கட்டுகிற ஃபீஸைப் பற்றி நான் கேட்கவில்லை.

சரி, யாரிடம் சொல்வது?

மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் புரட்டியே பார்க்காத ஒரு புத்தகம் இருக்கிறது: பல்கலைக்கழகத்தின் விதிமுறைப் புத்தகம். அட்டெண்டென்ஸ் எத்தனை சதவிகிதம் என்று பார்த்துவிட்டு மூடி விடுகிறார்கள். கொஞ்சம் தள்ளிப் படித்தால் 'வகுப்புக் குழு' என்று ஒரு சமாசாரம் வரும். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு குழு. பாடம் நடத்தும் ஆசிரியர்கள், மாணவர் பிரதிநிதிகள் எல்லோரும் அதில் உண்டு. தலைவராக இருப்பவர் மட்டும் அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காதவராக இருக்க வேண்டும். கவனித்தீர்களா? இன்டர்னல் மார்க் போடாத ஒருவர்! வகுப்பிலும் லேபிலும் உள்ள பிரச்னைகளைத் தீர்ப்பது அந்தக் குழுவின் வேலைகளில் ஒன்று. கூட்டத்தில் பேசியதை மினிட்ஸாக எழுதி, இரண்டு நாளுக்குள் கல்லூரித் தலைமையிடம் கொடுத்தாக வேண்டும்.

இதைவிட சுவாரஸ்யம், அந்தக் குழு எப்படிப்பட்டது என்பதற்கு விதிப் புத்தகமே சொல்கிற உதாரணம். தொழிற்சாலைகளில் இருக்கும் 'க்வாலிட்டி சர்க்கிள்' மாதிரியாம்!

மறைமலை நகர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஃபோர்டு இங்கே 2022-ல் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டது என்றாலும், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் கார், டயர், உதிரிபாகம் என்று கம்பெனிகள்தான். க்வாலிட்டி சர்க்கிள் 1962-ல் ஜப்பானில் பிறந்தது. இந்தியாவுக்கு 1980-ல், ஐதராபாத் பெல் தொழிற்சாலை வழியாக வந்தது. தத்துவம் ரொம்ப எளிது. மெஷினில் என்ன கோளாறு என்பது ஏ.ஸி. ரூமில் இருக்கும் மேனேஜரைவிட மெஷின் முன்னால் நிற்கிறவனுக்கு நன்றாகத் தெரியும். அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த யூனிஃபார்ம் அண்ணன் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "எங்க லைன்ல தப்பு எங்கேன்னு எழுதிக் குடுத்தா போர்டுல பேர் போடுவாங்க தம்பி" என்றார்.

"எங்க காலேஜ்லயும் போடுவாங்கண்ணே. நோட்டீஸ் போர்டுல!" என்றார் பி.காம்.

எழுதிக் கொடுப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. "லேப் சரியில்லை" என்பது புலம்பல். "இத்தனாம் தேதி முதல் இத்தனை மெஷின் வேலை செய்யவில்லை, அதனால் இத்தனை பயிற்சி பாக்கி, இன்ன தேதிக்குள் சரிசெய்து கொடுங்கள்" என்பது மனு. மனுவை அலுவலகத்தில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டால் அது ஆவணம். ஆபீஸில் வேலை பார்க்கிற உங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். வாய்ப் பேச்சுக்குப் பதில் "பார்க்கலாம்பா". இன்வர்ட் நம்பர் விழுந்த தாளுக்கு யாராவது பதில் எழுதித்தான் தீரவேண்டும்.

ஆள் தெரிந்து கேட்பதும் முக்கியம். "சிலபஸ் பழசாயிருக்கு" என்று பாடம் எடுக்கிற சாரைப் பிடித்து உலுக்கி என்ன லாபம்? இணைப்புக் கல்லூரியில் ஒரு வரியைக்கூட அவரால் மாற்ற முடியாது. அதைப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு தீர்மானிக்கும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழு உள்ளேயே இருக்கும். அதில் கம்பெனித் தரப்பிலிருந்து ஒருவருக்கும், பழைய மாணவர் ஒருவருக்கும் யு.ஜி.சி. விதிப்படி இடம் உண்டு. ஆகவே, 'இப்ப வர்ற பசங்களுக்கு ஒண்ணும் தெரியல' என்று கேன்டீனில் அலுத்துக்கொள்கிற முன்னாள் மாணவர்களே... அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது உங்கள் செட் ஆளாகவே இருக்கலாம்!

"இதெல்லாம் கேட்டு எவன் சார் மாத்தியிருக்கான்?" என்றார் நாலாவது மாணவர். அதுவரை அவர் வாயே திறக்கவில்லை.

மாற்றியிருக்கிறார்கள். கொரோனா காலம். 2020 நவம்பர்-டிசம்பர் செமஸ்டர் தேர்வை அண்ணா பல்கலைக்கழகம் 2021 பிப்ரவரியில் ஆன்லைனில் நடத்தியது. வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவர்களை கேமரா வழியாகக் கண்காணித்தது செயற்கை நுண்ணறிவு மென்பொருள். கம்ப்யூட்டர் படிக்கிறவனையே கம்ப்யூட்டர் சந்தேகப்பட்டது! தலையைத் திருப்பினால் தப்பு, பின்னால் பாட்டி நடந்தால் தப்பு என்று பசங்கள் புலம்பினார்கள். ரிசல்ட் வந்தபோது ஏகப்பட்ட பேர் பெயில். பல பேருக்கு ரிசல்ட் நிறுத்திவைப்பு. தமிழ்நாடு முழுக்கப் புகார் கிளம்பியது. மே மாதம், அப்போதைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி மறுதேர்வு அறிவித்தார். ஒருவர் போய் நின்றிருந்தால் "நீ சரியா எழுதலப்பா" என்று அனுப்பியிருப்பார்கள். ஒரே குறையை ஆயிரக்கணக்கான பேர் சொன்னபோது அப்படி அனுப்ப முடியவில்லை.

கல்லூரிக்குள் நியாயம் கிடைக்காவிட்டால் மேலே போக ஏணியும் இருக்கிறது. யு.ஜி.சி. 2023 ஏப்ரலில் வெளியிட்ட விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அது 15 வேலை நாளில் அறிக்கை தருவது நல்லது என்கிறது விதி. அதில் திருப்தியில்லை என்றால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் அப்பீல். ஓய்வுபெற்ற துணைவேந்தர், பேராசிரியர், மாவட்ட நீதிபதி போன்றவர்கள் அந்தப் பதவிக்கு வருவார்கள். அவருக்கு 30 நாள் கெடு. ஸ்காலர்ஷிப் தாமதம், சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது, சேரும்போது வாக்களித்த தரத்தில் கல்வி தராதது எல்லாம் இதில் அடக்கம். 'எனக்கு இன்னும் பத்து மார்க் போடுங்க' என்று மட்டும் அங்கே போய் நிற்க முடியாது. குறிப்பிட்ட முறைகேட்டைக் காட்டினால்தான் உண்டு. பொய்ப் புகார் என்று தெரிந்தால் புகார் கொடுத்தவர் மேலேயே நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கலாம் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

நான் பேசி முடிப்பதற்குள் பி.காம். பையிலிருந்து ஒரு ஏ4 தாளை எடுத்து, பென்ச்சில் வைத்து எழுத ஆரம்பித்துவிட்டார். முதலில் ஜாவா. அடுத்து லேப், மெஷின் நம்பர் உள்பட. பிரிட்ஜ் கோர்ஸுக்கு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் கூடுதலாக வேண்டும் என்று மூன்றாவது. வகுப்புக் குழுவை உடனே கூட்டச் சொல்லி நாலாவது. நல்ல கையெழுத்து.

கீழே கையெழுத்துப் போடும் கட்டம் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"முதல் பேரா யார்டா போடுறது?"

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யூனிஃபார்ம் அண்ணன் குடித்து முடித்த டீ கிளாஸைத் தாளின் அடியில் கவிழ்த்து வைத்தார். "இதைச் சுத்தி வட்டமா போடுங்க தம்பி. எது முதல் பேருன்னு எவன் கண்டுபிடிப்பான்?"

பி.காம். கிளாஸைச் சுற்றிக் கோடு போட்டார். நாலு கையெழுத்து விழுந்தது. இன்னும் ஐம்பத்தாறு பேர் பாக்கி.