நீதிமன்றக் கட்டளையும் கடனாளியும்

கடனைத் தீர்க்குமாறு நீதிமன்றம் கட்டளையிட்டதும் யாவும் பறிபோய்விடும் எனப் பலர் அஞ்சுவர். இலங்கையின் 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை வகுத்த ஒழுங்கு வேறு. தவணைமுறையிற் செலுத்துமாறு பணிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு. பணம் செலுத்தப்படாவிடின், கடன்கொடுத்தோன் எழுத்தாணை கோரலாம். பிஸ்கால் முதலிற் கடனாளியின் இல்லஞ் சென்று பணத்தைக் கேட்டல் வேண்டும். பின்னரே சொத்தைக் கைப்பற்றி ஏலத்தில் விற்கலாம்.

ஆயினும், அவசியமான உடை, படுக்கை, தொழிற்கருவிகள் ஆகியவற்றைக் கைப்பற்றலாகாது. கடனாளி கமக்காரனாயின், பிழைப்புக்கு வேண்டியவை என நீதிமன்றம் கருதும் மாடுகளும் விதைநெல்லும் அவனிடமே விடப்படும். உழைக்கும் வழி அடைபட்டவன் கடனை எவ்வாறு தீர்ப்பான்? ஆதலின், அழைப்பாணை கண்டு ஒளிப்பவன் இழப்பது தன் நிலையை எடுத்துரைக்கும் வாய்ப்பையே. மன்றில் தோன்றித் தவணை கேட்பதே அறிவுடைமை.