லோடு வண்டிக்குள் லைட்: ஃபியூஸை எந்த முனையில் போட வேண்டும்?

கூரையும் கதவும் உள்ள கன்டெய்னர் பாடி மினி லாரியில் இரவில் சரக்கு ஏற்றுபவர்களுக்கு செல்போன் டார்ச்தான் துணை. கையில் பிடித்தால் மூட்டையைத் தூக்க முடியாது, வாயில் கவ்வினால் பேச முடியாது. ஒரு எல்இடி ஸ்ட்ரிப், ஒரு சுவிட்ச், கொஞ்சம் வயர் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. பெரிய செலவும் இல்லை. ஆனால் இதே சின்ன வேலையைத் தப்பாகச் செய்தால் வண்டியே எரிந்துபோகலாம்.

எல்லாமே ஃபியூஸ் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. ஃபியூஸ் லைட்டைக் காப்பாற்றத்தான் இருக்கிறது என்று பலரும் நினைத்து, அதை லைட்டுக்குப் பக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது காப்பாற்ற வேண்டியது வயரை. பேட்டரியிலிருந்து பின்கதவு வரை போகும் பாசிட்டிவ் வயர், வழியில் எங்காவது தோல் உரிந்து பாடித் தகட்டில் பட்டால் ஷார்ட்தான். பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும், சில நொடிகளில் வயர் பழுத்துவிடும். ஃபியூஸ் அந்த இடத்தைத் தாண்டி லைட் பக்கம் இருந்தால், அதன் வழியாக கரன்ட் போகவே இல்லை. அப்புறம் எப்படி அது உருகும்? அதனால் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும்.

எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்? மீட்டருக்கு 4.8 வாட் இழுக்கும் 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை 5 மீட்டர் ஒட்டினால் மொத்தம் 24 வாட், அதாவது 2 ஆம்பியர். இதற்கு 5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் தாராளம், வெளிர் பழுப்பு நிறத்தில் இருக்கும். அது போய்விட்டால் செம்பு இழையைச் சுற்றி விடும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஃபியூஸே இல்லாததற்குச் சமம்.

வயர் மெல்லிசாக இருந்தால் லைட் மங்கும். பேட்டரியிலிருந்து லைட்டுக்கு 6 மீட்டர் என்றால், போக வர 12 மீட்டர். 0.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 2 ஆம்பியருக்கு ஏறக்குறைய 1 வோல்ட் வழியிலேயே போய்விடும். 1.5 சதுர மில்லிமீட்டர் என்றால் சுமார் 0.3 வோல்ட்தான். தகட்டில் துளை போடும் இடத்தில் குரோமெட் எனப்படும் ரப்பர் வளையம் கட்டாயம். வண்டி குலுங்கக் குலுங்க, தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி வயரை அறுக்கும்.

நெகட்டிவ்வுக்கு பாடி ஸ்க்ரூவை நம்புவது சுலபம், ஆனால் துரு ஏறியதும் லைட் மினுக்க ஆரம்பிக்கும். தனி வயர் இழுத்து சேஸிஸில் சுத்தமான இடத்தில் இறுக்குவது நல்லது.

சுவிட்சை எங்கே வைப்பது? பின்கதவுக்கு உள்ளே, கை எட்டும் உயரத்தில். சிக்கல் என்னவென்றால், கதவைச் சாத்திய பிறகு லைட் எரிவது யாருக்கும் தெரியாது. 2 ஆம்பியர் 10 மணி நேரம் ஓடினால் 20 ஆம்பியர்-மணி காலி. 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது பாதிக்கும் மேல், காலையில் ஸ்டார்ட்டர் முக்கும். கதவு மூடினால் தானாக அணையும் டோர் சுவிட்ச் போடலாம், அல்லது கேபினில் ஒரு சின்ன இண்டிகேட்டர் விளக்கு போதும். கேபினிலிருந்தும் அணைக்க வேண்டுமா? வீட்டு மாடிப்படி லைட்டுக்கு இருப்பதுபோல டூ-வே சுவிட்ச் இரண்டு.

பெரிய லாரிகளில் கணக்கு வேறு. அங்கே இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து லைட் போட்டால், அது சீக்கிரம் காலியாகும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும், இரண்டுமே கெடும். 24 வோல்ட் லைட்டே வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் கன்வெர்ட்டர் போடுங்கள்.

வேலையைத் தொடங்கும்போது பேட்டரியில் முதலில் கழற்ற வேண்டியது நெகட்டிவ், கடைசியில் மாட்ட வேண்டியதும் அதேதான். பாசிட்டிவ்வைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் அங்கேயே தீப்பொறி.