அவசரம் மறைக்கும் கண்கள்



நல்லவர் உதவுவார், கல்நெஞ்சர் கடந்து செல்வார் என்றே நாம் எண்ணுகிறோம். குணமே நடத்தையைத் தீர்மானிக்கிறதா என்பதை ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்னும் இரு உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்தனர். 1973இல் வெளியான அவர்களது ஆய்வில், அமெரிக்காவின் பிரின்ஸ்டனிலுள்ள கிறிஸ்தவ இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேர் பங்கேற்றனர்.

பக்கத்துக் கட்டடத்திற்குச் சென்று அவர்கள் சிற்றுரை ஆற்ற வேண்டும். ஒரு பகுதியினருக்குத் தரப்பட்ட தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை. அவர்கள் செல்லும் வழியில் ஒருவர் இருமி முனகியபடி சரிந்து கிடந்தார். அவர் ஆய்வாளர்கள் அமர்த்திய ஆள்.

அவகாசம் இருந்தவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினர். தாமதமாகிவிட்டதென விரட்டப்பட்டவர்களில் உதவியோர் 10 விழுக்காட்டினரே! உரையின் தலைப்போ, சமயப்பற்றின் தன்மையோ யார் நிற்பார் என்பதை முன்கூட்டிக் காட்டவில்லை.

கடந்து சென்றோர் கல்நெஞ்சரா? இல்லை. அவர்களில் பலர் மனக்கலக்கத்துடனேயே போய்ச் சேர்ந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். அவசரம் சிலரது கண்ணை மறைத்தது. சிலரை இரு கடமைகளுக்கிடையே தவிக்க விட்டது.

சிந்தித்துப் பாருங்கள்! குணம் வீண் என்பதல்ல இதன் பொருள். நற்குணம் செயலாக மாறுவதற்கும் அவகாசம் வேண்டும் என்பதே. தொழுகைக்குக்கூட ஓடி வராமல் நிதானமாக வருமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை நாம் அறிவோம். ஆகவே பிறரைக் கல்நெஞ்சரென முத்திரை குத்துமுன், நாம் பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படுவோம். வழியில் விழுந்து கிடப்பவர் நம் கண்ணில் படட்டும்.