பழைய போட் ரெடி... முதல் ரவுண்டு போலாமா?

பழைய ஃபைபர் போட்டை ஒட்டுப்போட்டு, பெயின்ட் அடிச்சு, அவுட்போர்டு இன்ஜினையும் சர்வீஸ் பண்ணியாச்சா? சூப்பர். ஆனா, இறக்கினதுமே த்ராட்டிலைத் திருகாதீங்க பாஸ்!

பின்பக்க அடியில் தண்ணீர் வடியும் ஓட்டை இருந்தா, அதோட பிளக்கை முதல்ல இறுக்குங்க. அவசரத்துல மறக்கிறது இதைத்தான். அப்புறம் கரையிலேயே கயிறு கட்டி அரை மணி நேரம் சும்மா மிதக்க விடுங்க. ஒட்டுப்போட்ட இடம் கசிஞ்சா இங்கேயே தெரிஞ்சிடும்.

ஸ்டார்ட் ஆனதும் இன்ஜின்லேர்ந்து மெல்லிசா தண்ணீர் பீச்சியடிக்கணும். வெளித்தண்ணீரை உறிஞ்சித்தான் இன்ஜின் சூட்டைத் தணிக்கும். பீச்சலைன்னா உடனே ஆஃப். (தரையில வெச்சு 'சும்மா' ஸ்டார்ட் பண்றதும் வேண்டாம். தண்ணீர் பம்ப்ல இருக்கிற ரப்பர் இம்பெல்லர் போயிடும்.)

அடுத்து காற்று. அது கரையை நோக்கி வீசினா, இன்ஜின் நின்னாலும் கரைக்கே தள்ளும். கிழக்குக் கடற்கரையில் கோடையில் விடியற்காலைக் காற்று பெரும்பாலும் கடல் பக்கம்தான் வீசும். அதனால, கடற்காற்று திரும்புற வரை பொறுங்க. துடுப்பு கட்டாயம்.

லைஃப் ஜாக்கெட் போட்டாச்சா? கில் ஸ்விட்ச் கயிற்றை அதுல மாட்டுங்க. நீங்க தவறி விழுந்தா இன்ஜின் நின்னுடும். மாட்டலைன்னா, ஆளில்லாத போட் வட்டமடிச்சு, சுத்துற புரொப்பல்லரோட உங்க மேலேயே வரலாம்.