தம்பியைத் துரத்தி ஓடக் கற்ற அம்மா

மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் முதன்முதலாக ஓடப்பட்ட இத்தூரம், 1921ஆம் ஆண்டில் அனைத்துலக அளவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. என் அம்மா இதை இதுவரை மூன்று முறை ஓடி முடித்திருக்கிறார். அவருக்கு வயது 48. பள்ளியில் உடற்கல்வி வகுப்பு என்றாலே வயிற்றுவலி என்று சொல்லித் தப்பித்தவர்.

மூன்று முறையும் அவர் பதக்கத்துக்காக ஓடவில்லை. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன்பு உறவினர்கள், அலுவலக நண்பர்கள், அண்டைவீட்டார் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் பேசி, மதியிறுக்கம் உள்ளவர்களுக்குச் சேவையாற்றும் அறநிறுவனங்களுக்கு நிதி திரட்டினார். மதியிறுக்கம் என்றால் ஆட்டிசம். என் தம்பி அந்நிலையோடு பிறந்தவன்.

மதியிறுக்கம் ஒரு நோயன்று. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு அது. பேச்சு, பிறரோடு பழகுவது, ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை உணர்வது போன்றவற்றில் அந்த வேறுபாடு தெரியும். ஒருவரைப் போல மற்றொருவர் இருக்கமாட்டார். சிலர் பல்கலைக்கழகத்தில் என்னோடு விரிவுரை கேட்கிறார்கள். சிலருக்கு வாழ்நாள் முழுவதும் ஒருவர் துணை வேண்டும். உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு மதியிறுக்கம் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அப்படியென்றால் நாம் படித்த தொடக்கப்பள்ளியிலும், குடியிருக்கும் புளோக்கிலும் நிச்சயம் சிலர் இருப்பார்கள்.

தம்பிக்கு இப்போது 17 வயது. சிறப்புக் கல்விப் பள்ளியில் படிக்கிறான். மிகச் சில சொற்களே பேசுவான். மின்தூக்கி என்றால் அவனுக்கு உயிர். எங்கள் வட்டாரத்தில் எந்த புளோக்கின் மின்தூக்கிக் கதவு மெதுவாக மூடும், எதில் மணியோசை வேறுமாதிரி ஒலிக்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அம்மா ஓடத் தொடங்கியதற்கு அந்த மின்தூக்கிகளே காரணம்.

முதல் ஓட்டங்கள்

தம்பிக்கு ஐந்து வயதானபோது, வீட்டு இரும்புக்கதவு பூட்டாமல் இருந்த சில நொடிகளில் வெளியே ஓடிவிட்டான். அம்மா காலில் செருப்புகூட இல்லாமல் ஓடினார். மூன்று புளோக் தள்ளி, ஒரு மின்தூக்கியின் முன்னால் கைதட்டிக்கொண்டு நின்றவனைப் பிடித்தார். அதன் பிறகு மாதத்துக்கு இரண்டு முறையாவது இது நடந்தது. சாலையைக் கடப்பதில் உள்ள ஆபத்து அவனுக்குப் புரியாது. பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பமாட்டான்.

பிள்ளையைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மை வேறு. 2012ஆம் ஆண்டு ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வெளிவந்தது. மதியிறுக்கம் உள்ள பிள்ளைகளின் குடும்பங்களில் 49 விழுக்காட்டினர், தங்கள் பிள்ளை நான்கு வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது இப்படி ஓடிப்போக முயன்றதாக அதில் தெரிவித்திருந்தார்கள்.

“அவன் வேகம் வருஷா வருஷம் கூடுது, என் வேகம் குறையுது. இப்பவே ஓடிப் பழகலைன்னா ஒருநாள் கோட்டை விட்டுருவேன்,” என்று அம்மா அப்பாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. மறுவாரமே பூங்கா இணைப்புப் பாதையில் ஓடத் தொடங்கினார். முதல் நாள் ஒரு கிலோமீட்டர்கூட முடியவில்லை. ஓராண்டில் பத்து கிலோமீட்டர் ஓடினார்.

பாட்டிக்கு இது பிடிக்கவில்லை. “ஏம்மா, பிள்ளைக்காகக் கோயிலுக்கு நடந்தாலும் புண்ணியம். ரோட்டுல எதுக்கு ஓடுற?” என்பார். “அதுவும் வேண்டுதல்தான் அத்தை,” என்று சொல்லிவிட்டு அம்மா காலணி நாடாவைக் கட்டுவார். உறவினர்கள் “எப்போ சரியாகும்?” என்று கேட்கும்போது மட்டும் அவர் முகம் மாறும். “அவனுக்கு என்ன, நல்லாத்தானே இருக்கான்? நாமதான் சரியாகணும்,” என்பார்.

ஒன்று முதல் பத்து வரை

தம்பிக்குப் பதினொரு வயதானபோது அம்மா அவனையும் தம்மோடு ஓட அழைத்துப்போனார். பயமாக இருந்த ஓட்டம் பழக்கமான ஓட்டமாக மாறியது. எங்கே தொடங்குவது, எந்தப் பாலத்தில் திரும்புவது, எங்கே தண்ணீர் குடிப்பது எல்லாம் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி. அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிவது மதியிறுக்கம் உள்ள பலருக்கு மன அமைதி தரும். ஓடிய நாள்களில் அவன் நன்றாகத் தூங்குகிறான். எங்களுக்கு அதுவே பெரிய வரம்.

இதில் எதிர்பாராத ஓர் இலாபமும் உண்டு. தம்பி சிறுவனாக இருந்தபோது, ஒரே மொழியில் பேசினால்தான் அவன் பேசக் கற்றுக்கொள்வான் என்று எங்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறினோம். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாத பாட்டி, பேரனிடம் பேசுவதே குறைந்துபோனது. இரு மொழிகளைக் கேட்டு வளர்வது மதியிறுக்கம் உள்ள பிள்ளைகளின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதில்லை என்று பல ஆய்வுகள் சொல்வதை நான் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகே படித்தேன். அம்மாவோ எந்த ஆய்வையும் படிக்காமல், ஓடும்போது தம் வழக்கப்படி தமிழில் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணிக்கொண்டே ஓடினார். சில மாதங்களில் தம்பியும் கூடவே எண்ணினான். இப்போது வீட்டுக்கு வந்ததும் பாட்டியின் அருகில் உட்கார்ந்து, அவர் விரல்களைப் பிடித்துப் பத்துவரை எண்ணுகிறான். பாட்டி ஓட்டத்தைக் குறைசொல்வதை நிறுத்திவிட்டார்.

அவனுக்கு ஓடப் பிடிக்கிறதா என்று எப்படித் தெரியும்? பலர் கேட்கும் நியாயமான கேள்வி இது. 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மாரத்தான்’ என்ற தென்கொரியத் திரைப்படமும் இதைத்தான் கேட்கிறது. மதியிறுக்கம் உள்ள பே ஹியோங் ஜின் என்ற இளையர், 2001ஆம் ஆண்டில் சுன்சியோன் நகர மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். அவரையும் அவருடைய தாயாரையும் பார்த்து உருவான படம் அது. ஓட வேண்டும் என்பது மகனின் ஆசையா, தம் ஆசையா என்று படத்தில் வரும் தாய் தம்மையே கேட்டுக்கொள்கிறார்.

எங்கள் வீட்டில் பதில் காலணி அடுக்கில் இருக்கிறது. ஓட விருப்பமுள்ள நாளில் தம்பி தன் காலணியை எடுத்து வந்து அம்மாவின் காலடியில் வைப்பான். விருப்பமில்லாவிட்டால் அம்மா எடுத்து வைத்ததைத் திரும்ப அடுக்கிலேயே வைத்துவிடுவான். அன்று அம்மா தனியாக ஓடுவார்.

அழுகைப் படம் வேண்டாம்

மாரத்தானையும் நன்கொடையையும் இணைப்பது புதிதன்று. 1981ஆம் ஆண்டில் தொடங்கிய லண்டன் மாரத்தானில் ஓடியவர்கள் இதுவரை நூறு கோடி பவுண்டுக்கும் மேல் அறப்பணிகளுக்குத் திரட்டியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் ‘கிவிங்.எஸ்ஜி’ தளத்தில், நமக்குப் பிடித்த அறநிறுவனத்துக்காக நாமே ஒரு நிதிதிரட்டுப் பக்கம் தொடங்கலாம். பணம் நம் கைக்கு வராமல் அந்த நிறுவனத்துக்கே போய்ச் சேரும். தகுதிபெற்ற நிறுவனம் என்றால், கொடுப்பவருக்கு நன்கொடையின் இரண்டரை மடங்கு தொகைக்கு வரிக் கழிவும் உண்டு.

அம்மாவின் முதல் பக்கத்தை உருவாக்கியபோது, தம்பி அழும் படத்தைப் போட்டால் பணம் அதிகம் வரும் என்று ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அம்மா மறுத்துவிட்டார். “என் பிள்ளை அழுறத ஊரே பாக்கணும்னு நான் ஓடல,” என்றார். பக்கத்தில் இருந்தது தேய்ந்துபோன அவருடைய காலணியின் படம் மட்டுமே. மதியிறுக்கம் உள்ள பெரியவர்கள் பலர், தங்களைப் பரிதாபப் பொருளாகக் காட்ட வேண்டாம், தங்களைப் பற்றிப் பேசும்போது தங்களையும் கேளுங்கள் என்று வலியுறுத்திவருகிறார்கள். அம்மா அன்று எடுத்த முடிவின் பொருள் அவர்களுடைய கருத்துகளைப் படித்தபோது எனக்கு இன்னும் தெளிவாகப் புரிந்தது.

மூன்று ஓட்டங்களிலும் சேர்த்து அம்மா திரட்டியது ஏறத்தாழ 11,000 வெள்ளி. தேவையோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகை. ஆனால், பெற்றோர் சிறிதாகத் தொடங்கிய முயற்சிகள்தான் இந்தத் துறையை வளர்த்திருக்கின்றன. பிரிட்டனின் தேசிய மதியிறுக்கச் சங்கம் 1962ஆம் ஆண்டில் பெற்றோர் சிலர் ஒன்றுகூடித் தொடங்கியது. சிங்கப்பூரில் மதியிறுக்கம் உள்ள மாணவர்களுக்கென 2004ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பாத்லைட் பள்ளியின் பின்னாலும் ஒரு தாய் இருக்கிறார். அதை நிறுவியவர்களில் ஒருவரான நாடாளுமன்ற உறுப்பினர் டெனிஸ் புவாவின் மகன் மதியிறுக்கம் உள்ளவர்.

பள்ளிக்குப் பிறகு

மாரத்தானில் முடிவுக் கோடு எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு முன்னால் இருக்கும் தூரத்துக்கு அப்படி ஒரு கோடு இல்லை. சிறப்புக் கல்விப் பள்ளிகளில் பெரும்பாலான மாணவர்கள் 18 வயதில் படிப்பை முடிக்கிறார்கள். தம்பிக்கு அது அடுத்த ஆண்டு. பிறகு வேலைக்கான பயிற்சியா, பகல்நேர நடவடிக்கை நிலையமா, இடம் கிடைக்குமா என்று அம்மாவும் அப்பாவும் இரவில் தாழ்ந்த குரலில் பேசுவது என் அறைக்குக் கேட்கிறது.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. பிள்ளைக்கு 21 வயதானதும், அவருக்காக முடிவெடுக்கும் சட்ட அதிகாரம் பெற்றோருக்குத் தானாகத் தொடர்வதில்லை. தாமாக முடிவெடுக்க இயலாதவருக்கு, பெற்றோர் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அவருடைய பிரதிநிதியாக நியமனம் பெற வேண்டும். பெற்றோருக்குப் பிறகு பணத்தை நிர்வகிக்க, 2008ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட ‘ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட் கம்பெனி’ என்ற லாப நோக்கற்ற அறக்கட்டளை நிறுவனம் இருக்கிறது. அங்கு கணக்குத் தொடங்கும் குடும்பம், பிள்ளையின் பராமரிப்புத் திட்டம் ஒன்றையும் எழுதித் தருகிறது.

சென்ற பள்ளி விடுமுறையில் நாங்கள் அதை எழுத உட்கார்ந்தோம். தோசையை நான்காக வெட்டித்தான் சாப்பிடுவான். இடி இடித்தால் காதுறை வேண்டும். மின்தூக்கியில் அவனே பொத்தானை அழுத்த வேண்டும். அம்மா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். பெற்றோருக்குப் பிறகு யார் கவனிப்பார் என்ற இடம் வந்ததும் அம்மா பேசவில்லை. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் என் பெயரைத் தட்டச்சு செய்தேன்.

“உனக்குன்னு ஒரு வாழ்க்கை இருக்கும்மா. இதை நான் உன் தலையில கட்டக் கூடாது,” என்றார் அம்மா. நான் அழிக்கவில்லை. ஆனால், அந்தப் பெயர் மட்டும் போதாது என்பதும் எனக்குத் தெரியும். எனக்கு வேலை இருக்கும், ஒருவேளை வேறு ஊரில்கூட இருக்கலாம். எனக்கும் காய்ச்சல் வரும். ஒருவரை நம்பி இன்னொருவரின் முழு வாழ்க்கையையும் நிறுத்திவைக்க முடியாது.

அம்மா ஏன் இன்னும் ஓடுகிறார் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. பணத்துக்காக மட்டும் என்றால் வேறு வழிகளும் உண்டு. அவர் ஓடும் பாதையில் இன்று தம்பியைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். காலையில் மெதுவோட்டம் ஓடும் சீனத் தாத்தா அவனுக்குக் கையசைக்கிறார். உணவங்காடியில் தேநீர் போடும் மலாய் அக்காவுக்கு, அவன் குவளை நிரம்பி வழியக்கூடாது என்பது தெரியும். அடுத்த புளோக் அண்ணன் அவனை மின்தூக்கி அருகில் தனியாகப் பார்த்தால் எங்களைத் தொலைபேசியில் அழைக்கிறார். தாம் இல்லாத நாளில் தம் மகனைப் பெயர் சொல்லி அழைக்க நாலு பேரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார் அம்மா.

இதைப் படிக்கும் மாணவர்கள் எல்லாரும் 42 கிலோமீட்டர் ஓட வேண்டியதில்லை. ‘ரன்னிங்ஹவர்’ என்ற ஓட்டக் குழு 2009ஆம் ஆண்டிலிருந்து சிறப்புத் தேவையுடையோரோடு சேர்ந்து ஓடுகிறது. அவர்களுக்கு வழித்துணையாக ஓடும் தொண்டூழியர்கள் எப்போதும் தேவை. விரைவாக ஓடத் தெரிய வேண்டும் என்பதில்லை, பக்கத்தில் ஓடத் தெரிந்தால் போதும். அதற்கும் நேரமில்லை என்றால், ரயிலில் ஓர் இளையர் உரக்க ஒலியெழுப்பினாலோ கைகளை அசைத்தாலோ கைப்பேசியில் படம் எடுக்காதீர்கள். இடம் விட்டு உட்காருங்கள். உடன் வந்தவரைப் பார்த்து ஒரு புன்னகை போதும்.

வரும் டிசம்பரில் அம்மா நான்காவது மாரத்தானுக்குப் பதிந்திருக்கிறார். சென்ற முறை ஓடி முடிக்க 6 மணி 52 நிமிடம் ஆனது. இம்முறை அதைவிட மெதுவாகத்தான் ஓடுவாராம், முதல் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நானும் பெயர் கொடுத்திருப்பதால் என் வேகத்துக்குப் பயிற்சி தரவே நேரம் போய்விடுகிறதாம்.