ஜப்பானிய ராணுவ வாள்: இனம் காண்பதும் மதிப்பிடுவதும்

கொச்சி நகரத்து மட்டாஞ்சேரியில் யூதர் தெரு என்று ஒரு தெரு உண்டு. 1568-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட பரதேசி யூத ஆலயம் அங்கேதான் இருக்கிறது. 1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின்னர், அத்தெருவில் வாழ்ந்த குடும்பங்கள் சிறுகச் சிறுக அந்நாட்டுக்குக் குடிபெயர்ந்தன. மிளகும் சுக்கும் மணத்த கட்டடங்களிற் பல இன்று பழம்பொருட் கடைகளாகிவிட்டன. மரத்தூண்கள், உருளிகள், பித்தளை விளக்குகள் ஆகியவற்றினிடையே பழமையும், பழமைபோல் நேற்றுச் செய்ததும், அருகருகே அமர்ந்திருக்கும். அத்தகைய கடையொன்றில் உறையிட்ட வாளை எடுத்து நீட்டி, ‘இது போர்க்காலத்து ஜப்பானிய வாள்’ என்றால் அதை நாம் எவ்வாறு சோதிப்பது?

இவ்வினா வாங்குவோருக்கு மட்டும் உரியதன்று. பாட்டனார் பர்மாப் போர்முனையிலிருந்து கொண்டுவந்த வாள் என்று பரணில் துணி சுற்றிக் கிடப்பதை எடைக்குப் போடுவதா, வைத்துக்கொள்வதா என்று திகைக்கும் குடும்பத்தாருக்கும் உரியது.

முதலில் இவ்வாள்கள் இந்தியாவுக்கு வந்த வழியைப் பார்ப்போம். 1945-ஆம் ஆண்டு ஜப்பான் சரணடைந்தபோது, ஜப்பானிய அதிகாரிகள் தம் வாளை எல்லார் முன்னிலையிலும் ஒப்படைக்க வேண்டியதில்லை என்பது ஜெனரல் மக்கார்தரின் கருத்தாக இருந்தது. பர்மாவில் போரிட்ட ஜெனரல் ஸ்லிம் அதற்கு இணங்கவில்லை. ஒவ்வோர் அதிகாரியும் தம் படைவீரர் முன்னிலையில் வாளைக் கையளித்தே தீரவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். ஜெனரல் கிமுராவின் வாள் அவரிடமே வந்து சேர்ந்தது. செப்டம்பர் 12-இல் சிங்கப்பூரிலும், அக்டோபரில் அந்தமானின் போர்ட் பிளேரிலும் சரணாகதி நடைபெற்றது. ஸ்லிம்மின் 14-ஆவது சேனையில் இந்தியப் போர்வீரர்களே மிகுதி. ஆதலின் அவ்வாள்கள் நம் நாட்டு வீடுகளுக்கும் படைப்பிரிவுகளின் உணவுக்கூடங்களுக்கும் வந்ததில் வியப்பில்லை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா ரயில்பாதையில் மாண்ட மலாயாத் தமிழ்த் தொழிலாளரை எண்ணும் குடும்பங்களுக்கு, இவ்வாள் வெறும் அலங்காரப் பொருளாகத் தோன்றாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இனி வாளைக் கையில் எடுப்போம். பிடியைப் பார்த்தவுடன் பாதி விடை கிடைத்துவிடும். 1935-ஆம் ஆண்டு மாதிரி வாள், அதிகாரியல்லாத படைத்தலைவர்களுக்காகத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. அதன் பிடி பெரும்பாலும் வார்ப்பு உலோகமே. நாடா சுற்றியதுபோன்ற தோற்றத்தை வார்ப்பிலேயே கொடுத்து, மேலே வர்ணம் பூசியிருப்பார்கள். பிடியைத் திருகாணி ஒன்று பிடித்திருக்கும். அலகின்மேல், பிடிக்கு அருகில், வரிசை எண் பொறித்திருக்கும். அதே எண் உறையிலும் இருந்தால் இரண்டும் பிறந்தநாள் முதல் பிரியாதவை என்று கொள்ளலாம். மதிப்பும் அதற்கேற்ப உயரும்.

அதிகாரியின் வாளோ அவர் தம் கைப்பணத்தில் வாங்கியது. அதன் பிடியில் திருக்கை மீனின் சொரசொரப்பான தோலைப் போர்த்தி, அதன்மேல் நாடாவை வைர வடிவ இடைவெளி தோன்றச் சுற்றியிருப்பார்கள். உலோகப் பகுதிகளில் செர்ரி மலர் பூத்திருக்கும். உறையில் தொங்கு வளையம் இரண்டானால் 1934-ஆம் ஆண்டு மாதிரி, ஒன்றானால் 1938-ஆம் ஆண்டு மாதிரி என்பது பொதுவிதி. பிடியில் தொங்கும் குஞ்சம் பதவியைக் காட்டும்: பழுப்பும் நீலமும் காப்டன் வரையிலான அதிகாரிக்கு, பழுப்பும் சிவப்பும் மேஜர் முதல் கர்னல் வரை, பொன்னிழையும் கலந்தால் ஜெனரலுக்கு. ஆனால் குஞ்சத்தை மாற்றிக் கட்டுவது எவருக்கும் எளிது. அதை மட்டும் நம்பி ‘ஜெனரல் வாள்’ என்று விலை சொல்பவரிடம் நாம் புன்னகைத்து நகர்ந்துவிடலாம்.

உண்மையான சாட்சியம் பிடிக்குள்ளே ஒளிந்திருக்கிறது. அதிகாரி வாளின் பிடியை அலகோடு சேர்த்து நிறுத்துவது சிறியதொரு மூங்கில் ஆணி. அதன் ஒரு முனை மெல்லியது. அம்முனையிலிருந்து மரத்துண்டால் மெதுவாகத் தட்டினால் ஆணி மறுபுறம் வெளிவரும். வர மறுத்தால் வற்புறுத்தக் கூடாது. அறிந்தவரிடம் விட்டுவிட வேண்டும். பிடி கழன்றதும் கூரில்லாத இரும்புக் காம்பு தென்படும். வாள் செய்த கொல்லன் தன் பெயரைச் செதுக்குவது இங்கேதான். சிலவற்றில் மறுபக்கத்தில் தேதியும் இருக்கும். ஷோவா என்னும் சக்ரவர்த்தியின் ஆட்சியாண்டு குறிக்கப்பட்டிருந்தால் அதனோடு 1925-ஐக் கூட்டுக. ஷோவா 18 என்பது 1943.

பெயரோடு சிறு முத்திரை ஒன்றும் இருக்கலாம். செக்கி என்னும் ஊரின் முத்திரை பெரும்பாலும் போர்க்காலத்தில் விரைந்து செய்த அலகைக் குறிக்கும். அவசரத்தில் எஃகை எண்ணெயில் தோய்ப்பதே வழக்கமாயிருந்தது. விண்மீன் முத்திரை, ராணுவத்தின் அங்கீகாரம் பெற்ற கொல்லர் பழமுறைப்படி அடித்து, களிமண் பூசி, தண்ணீரில் தோய்த்த அலகின் அடையாளம். இதன் விலை மற்றதைக் காட்டிலும் பன்மடங்கு. இவையன்றி மூன்றாவது வகையும் உண்டு. சில அதிகாரிகள் தம் முன்னோரின் வாளலகையே ராணுவப் பிடியிலும் உறையிலும் பொருத்திக்கொண்டு போருக்கு வந்தனர். வெளியே 1938, உள்ளே முன்னூறு ஆண்டு முதுமை! அத்தகைய அலகை எடைக்குப் போட்ட வீடுகளும் எங்கேனும் இருந்திருக்கலாம் என்று எண்ணும்போது மனம் பதைக்கிறது.

ஆகையால்தான் ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். காம்பின்மேல் படிந்துள்ள கருந்துருவை ஒருபோதும் சுரண்டலாகாது. வயதை மதிப்பிடுவோர் அத்துருவின் நிறத்தையும் ஆழத்தையும் கொண்டே அளக்கிறார்கள். புளியும் சாம்பலும் இட்டுக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் இதைத் துலக்கினால், சாட்சியமும் விலையும் ஒருங்கே போய்விடும். அலகையும் சாணைக்காரரிடம் கொடுக்கக் கூடாது. கூர் நெடுக மேகம்போல் வெளிறி ஓடும் தோய்ச்சல் கோடு, தவறான சாணையில் மறைந்துவிடும்.

போலிகள் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும். அவற்றின் தோய்ச்சல் கோடு அமிலத்தால் வரைந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் உயிரற்றுத் தட்டையாக இருக்கும். காம்பு பழுப்பேறாமல் புதிதாயிருக்கும், அல்லது செந்நிறப் புதுத்துரு ஏறியிருக்கும். செர்ரி மலரின் இதழ்கள் கூர்மையின்றி மழுங்கியிருக்கும். வரிசை எண்கள் ஒரே அளவில் நில்லாமல் தள்ளாடும். வாளை உறையிலிடும்போது தடுமாறினாலும் ஐயுறலாம்.

விலைக்குப் பட்டியல் கிடையாது. அலகின் தரம், உறுப்புகள் குறையாதிருத்தல், துரு அரிக்காத நிலை ஆகியவற்றோடு, வாள் வந்த வரலாறும் எண்ணப்படும். சரணடைந்தபோது சில அதிகாரிகள் தம் பெயரும் ஊரும் எழுதிய துணி அல்லது மரச் சீட்டைக் கட்டிக் கொடுத்தனர். அதைக் குப்பை என்று அறுத்தெறிய வேண்டாம். பாட்டனாரின் படைப்பிரிவுச் சான்றும் பழைய கடிதமும் இருந்தால் அவற்றையும் வாளோடு சேர்த்தே வைக்க வேண்டும். இச்சீட்டுகளைக் கொண்டே ஜப்பானிலுள்ள குடும்பத்தைத் தேடி வாளைத் திருப்பியளித்தோர் உளர். ஆயினும், பழமுறைப்படி செய்யாத தொழிற்சாலை வாளைக் கலைப்பொருளாகப் பதிவு செய்ய அந்நாட்டுச் சட்டம் இடந்தராது. அனுப்புமுன் இதை விசாரிக்க வேண்டும்.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் அறிவிக்கை செய்யப்பட்ட இடங்களில் வாள் வைத்திருக்க உரிமம் தேவை. வேறு மாநிலத்திலிருந்து ஊருக்கு எடுத்துச் செல்ல எண்ணுவோர் காவல் நிலையத்தில் முன்னரே கேட்டறிவது நலம். அலகு நூறாண்டு கடந்ததானால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டமும் குறுக்கிடும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது.

கொச்சிபோன்ற உப்புக்காற்று ஊர்களில் பராமரிப்பே பெரும்பாடு. அலகை விரலால் தொட்டால் வியர்வை பட்ட இடத்தில் துரு பூக்கும். ஜப்பானியர் கிராம்பு மணமூட்டிய எண்ணெயை மெல்லியதாகப் பூசுவது வழக்கம். மட்டாஞ்சேரியில் கிராம்புக்குப் பஞ்சமில்லையாயினும், கடையில் விற்கும் கிராம்புத் தைலத்தை அப்படியே பூசிவிடக் கூடாது. தூய கனிம எண்ணெயில் நனைத்த மென்துணி போதும். தோலுறையில் ஈரம் தங்குமாதலால், மழைக்காலம் முழுவதும் மாதமொரு முறை வாளை உருவி, பழைய எண்ணெயைத் துடைத்துப் புதிதாகப் பூசி, கூர் மேல்நோக்கி இருக்குமாறு கிடத்தி வைக்க வேண்டும்.